அட்டைப்படத்தில் ஒரு செருப்பு கவிழ்ந்திருக்கிறது

அப்பா எந்த உறையையும் கிழிக்க மாட்டார். ஒட்டியிருக்கும் ஓரத்தை நகத்தால் தேடிக் கண்டுபிடித்து, பிசிறில்லாமல் பிரித்து, முழு உறையாக உருவி, மடித்து இழுப்பறையில் வைத்த பிறகுதான் உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். தீபாவளிச் சட்டைக்கும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகைக்கும் அப்படித்தான், இப்போது என் இசைத்தட்டுக்கும் அப்படித்தான். செய்யட்டும். நிதானமாகவே செய்யட்டும். ஆனால் ஆறு மணிக்கு என் பேட்டி யூடியூபில் வந்துவிடும், சுவரில் பெரிய முள் ஏறிக்கொண்டே இருக்கிறது, இந்த வீட்டுக் கடிகாரம் ஒருநாளும் பின்தங்கியதில்லை, அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். திருவான்மியூரிலிருந்து ஆட்டோவில் வரும்போது எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். அப்பா, இந்த அட்டையில் இருப்பது உங்கள் செருப்பு, எல்லாரும் நினைப்பதுபோல அது பாசத்தில் வரைந்தது இல்லை, பயத்தில் வரைந்தது, அதை நான் கேமரா முன்னால் சொல்லிவிட்டேன், நீங்கள் அம்மாவை அடித்ததையும் சொல்லிவிட்டேன், எவனோ வந்து சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நானே வந்திருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பாடுகிறவளுக்கு இதற்கு மூச்சு இல்லையா? இல்லை. வந்ததிலிருந்து வெயிலைப் பற்றிப் பேசினேன். லிப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினேன். அவருடைய கண் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன், அவரும் சொட்டு மருந்தின் பெயர் முதற்கொண்டு ஒழுங்காகச் சொன்னார். அம்மா சமையலறையில் காப்பிக்குப் பால் வைத்திருக்கிறாள்.

"இந்த ஸ்டிக்கர் வருமா, இல்ல கூடவே அட்டையும் கிழியுமா?" என்கிறார் அப்பா. "வரும்ப்பா" என்கிறேன். என் குரலைக் கேளுங்கள், பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் குரல். எழுபது தாண்டிய மனிதர், முண்டா பனியனோடு இருக்கிறவர் நான் வருகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார், இவரைப் பார்த்து நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன்? இந்த மனிதரை நான் இப்போது ஒரு கையால் பிடித்து உட்கார வைத்துவிடலாம். வைத்தேன்கூட, போன மாதம், மருத்துவமனையில். அப்போது இல்லாத பயம் இந்த ஹாலில் இந்த நாற்காலிக்கு வந்தால் வந்துவிடுகிறது. பயம் ஆளிடம் இல்லை போலிருக்கிறது, இடத்தில் இருக்கிறது. "பரந்தாமன் சொன்னாரு" என்கிறார், நகத்தை விடாமல். பரந்தாமன் எதிர் வீட்டுக்காரர், அப்பாவோடு காலையில் நடக்கப் போகிறவர். "போன்ல படத்தைப் பார்த்துட்டு வந்து சொன்னாரு. சார், உங்க பொண்ணு உங்க செருப்பை வரைஞ்சு ஊருக்கே காட்டியிருக்கு, கோயில்ல பாதுகை வெச்சுக் கும்பிடுவாங்களே, அந்த மாதிரின்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். அப்பா கண் கலங்கி நான் பார்த்ததில்லை, பரந்தாமன் பார்த்திருக்கிறார். பாதுகை! எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகையாகிவிடும் என்று தெரிகிறது, அதனால் மின்விசிறியைப் பார்க்கிறேன்.

அதை வரைய ஆரம்பித்தபோது நான் செருப்பை நினைக்கவே இல்லை. ஆல்பத்தில் எட்டுப் பாட்டும் வீடு, வாசல், கதவு என்றே வந்திருக்கிறது, அட்டையை நீங்களே வரையுங்களேன் என்றார்கள், ஒரு பச்சைக் கதவு வரைந்தேன். கதவு வரைந்தால் வாசல்படி வரும். படி வந்தால் அதன் ஓரத்தில் என்ன இருக்கும்? கை தானாகவே போய்விட்டது. பழுப்புத் தோல் செருப்பு, கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது. வலதுகால் செருப்பு சுவரை ஒட்டி நேராக, அளவெடுத்து வைத்ததுபோல. இடதுகால் செருப்பு அதன் பக்கத்தில் கவிழ்ந்து, தேய்ந்த அடிப்பக்கம் மேலே தெரிய. அந்தக் குதிகால் தேய்மானத்தைத்தான் முதலில் வரைந்தேன், அந்த நிறம் கிடைப்பதற்கு ஒரு வாரம் போராடினேன், கிடைத்த அன்று குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆல்பம் வெளியிட்ட பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா வீடு திரும்பும் அந்தத் தருணம் அப்படியே வந்திருக்கிறது அக்கா என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்யும் இல்லை. அது அப்பா வீடு திரும்பிய தருணம்தான்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் அப்பா ஸ்டோர் கீப்பர், நட்டும் போல்ட்டும் கணக்கு மாறாமல் அடுக்குகிற வேலை, வீட்டையும் அப்படித்தான் அடுக்குவார். கோபத்தையும் அப்படித்தான். அவர் கத்தியதில்லை. முதலில் பேப்பரை மடிப்பார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி மேல் வைப்பார். அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிடுவார், குணா என்று, பேர் சொல்லி, மெதுவாக. ரசத்தில் உப்பு இருந்திருக்காது, அல்லது துண்டு வேறு கொடியில் காய்ந்திருக்கும், அல்லது ஒன்றுமே இருந்திருக்காது. காலை ஷிப்ட் என்றால் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னாலேயே அவர் வந்திருப்பார். மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்ப்பேன். இரண்டு செருப்பும் நேராக இருந்தால் உள்ளே போகலாம். ஒன்று கவிழ்ந்து கிடந்தால் ஜன்னல் சாத்தியிருக்கும் என்று அர்த்தம். சத்தமில்லாமல், இல்லை, சத்தத்தோடுதான், தடதடவென்று படியேறி மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பாடுவேன். கீழே கேட்காதபடி எனக்குள்ளேயே. நான் பாட்டுக் கற்றுக்கொண்டது அங்கேதான், அதை எல்லாப் பேட்டியிலும் சொல்வேன், மொட்டை மாடியில் கற்றுக்கொண்டேன் என்று, எல்லாரும் ஆஹா என்பார்கள், ஏன் மொட்டை மாடி என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இந்தப் பேட்டி எடுத்த ஷெரின்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். அந்தப் பெண் அப்படிச் சும்மா இருந்திருக்கக் கூடாது. கொட்டிவிட்டேன்.

கொட்டியதில் ஒரு வாக்கியம் எனக்கே பிடித்துப்போனது. கோபத்தைக்கூட மடித்து வைக்கிற மனிதர், அவருடைய உள்ளே இருந்தது வெளியே சிந்தியது அந்த ஓர் இடத்தில்தான், எங்கள் வீட்டில் உண்மை பேசியது அந்தச் செருப்பு மட்டும்தான் என்றேன். ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்னோட்டத்தில் அந்த வாக்கியத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. அப்புறம் அவள், அம்மா? என்றாள். அம்மா என்ன செய்தார்கள்? அதற்குத்தான் எனக்கு இப்போது வியர்க்கிறது. அப்பாவுக்காக இல்லை. அம்மா ஒன்றும் செய்யவில்லை என்றேன். எதுவுமே செய்யவில்லை. நான் மாடியில் நிற்பதைப் பார்ப்பாள், துணி எடுக்க வருகிற சாக்கில் எல்லாம் முடிந்த பிறகு மேலே வருவாள், வா, டீ போட்டிருக்கேன் என்பாள், நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று ஒருநாள், ஒரே ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்றேன். உண்மைதானே? உண்மைதான். எத்தனை மாலை, எத்தனை காய்ந்த துணி. தோளில் துணியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் இறங்குவாள், நான் பின்னால் போவேன், அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடித்தவர்மேல் பயம்தான், கோபம் முழுக்க கேட்காதவள்மேல். இது நியாயமா என்று எனக்குத் தெரியாது, நியாயம் பார்த்தா வருகிறது கோபம்.

அந்த ஒருநாள் மட்டும் இல்லையென்றால் மன்னித்திருப்பேனோ என்னவோ. ஏழாம் வகுப்பில் இருந்தேன். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் அந்த வீட்டில் சண்டை வரும் என்று வகுப்பில் யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு சுலபம்! இத்தனை நாள் மடச்சி மாதிரி மாடிக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன், நிமிர்த்தி வைத்திருந்தால் போதுமே. அன்றைக்கு வந்தேன், பார்த்தேன், கவிழ்ந்துதான் கிடந்தது, குனிந்து அதை எடுத்து நிமிர்த்தி இன்னொன்றின் பக்கத்தில் சரியாக வைத்தேன், தோல் சூடாக இருந்தது, சண்டை நின்றுவிட்டது என்று முழுசாக நம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா தரையில் இருந்தாள். அப்பா திரும்பினார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான், இடது காதோடு சேர்த்து. இன்றைக்கும் அந்தக் காதில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், ஒலிப்பதிவில் ஹெட்போனை வலது காதில் மட்டும்தான் மாட்டுவேன். ஆனால் என்னை அறுப்பது அது இல்லை. விழுவதற்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை, பாவம் என்ற நினைப்பு இல்லை. கோபம். என்மேல். நீ ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்கிற கோபம். தன்னை அடிக்கிறவரைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை நான் வரையவில்லை, பாடவும் இல்லை, ஷெரினிடம் சொல்லவும் இல்லை. அம்மா ஒன்றும் செய்யவில்லை என்பதற்குள் அதை வைத்து மூடிவிட்டேன்.

உறை வந்துவிட்டது. கிழியாமல் வந்துவிட்டது, அப்பாவுக்குத் திருப்தி. மடிக்கிறார். இழுப்பறையைத் திறக்கிறார், மூடுகிறார். கண்ணாடி எங்கே என்று தேடுகிறார், பெட்டியிலிருந்து எடுக்கிறார், துணியால் துடைக்கிறார், ஒரு பக்கம், இன்னொரு பக்கம். இப்போது சொல். அவர் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. எப்போது அடிப்பதை நிறுத்தினார் இவர்? எங்களில் யாருக்கும் தெரியாது, மழை விட்ட மாதிரி ஒருநாள் விட்டுவிட்டது, கொஞ்சநேரம் கழித்துத்தான் விட்டிருக்கிறது என்றே கவனித்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் திரும்ப ஆரம்பித்துவிடும் என்பதுபோல. இனிமேல் ஊரே பேசப் போகிறது. பரந்தாமன் போனில் பார்ப்பார். காலையில் நடக்க வரமாட்டார், அல்லது வந்து ஒன்றும் சொல்லாமல் நடப்பார், அது இன்னும் மோசம். நான் ஆட்டோ பிடித்துத் திருவான்மியூர் போய்விடுவேன். அம்மா இங்கே இருப்பாள், இவரோடு, இந்த ஜன்னலோடு. இதை ஏன் நான் இதுவரை யோசிக்கவில்லை? என் நெஞ்சு அடிப்பது இடது காதில் கேட்கிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலை எடுத்துக் கவிழ்ந்த செருப்பின்மேல் வைத்தார்.

"என்ன இது, ஒண்ணு கவுந்து கெடக்கு?"

"ஆமாப்பா."

"தெரியாம போட்டுட்டியா?"

"இல்லப்பா. அப்படித்தான் கெடக்கும்."

"எங்க?"

"நம்ம வாசல்ல."

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என் செருப்பா? நான் செருப்பை அப்படி விட்டதே கெடையாது சுகு. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னிக்கும் போய்ப் பாரு வாசல்ல, எப்படி இருக்குன்னு."

பொய். கூசாமல் பொய். நான் கம்பி வழியாகப் பார்த்தது பொய், மாடி பொய், என் காது பொய். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை, அது இருந்த இடத்தில் சூடாக வேறு ஏதோ வந்து நின்றது.

"கோவம் வந்த அன்னிக்கெல்லாம் உதறிட்டுத்தான்பா உள்ள போவீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் மேல ஓடுவேன். நீங்க அம்மாவ அடிச்சு முடிக்கிற வரைக்கும் டேங்க் கிட்டயே உக்காந்திருப்பேன். அதைத்தான் வரைஞ்சேன். பாதுகையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு பேட்டியில எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆறு மணிக்கு வந்துடும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அப்பா அட்டையை மடியில் வைத்தார், அதன் விளிம்பு மேஜைக்கு நேராக இருக்கும்படி சரிசெய்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நான் எப்போது அடித்தேன் என்று கேட்பார், அல்லது அழுவார், அல்லது எழுந்து ஜன்னலுக்குப் போவார். எழுபது வயசுக்கு மேல் ஜன்னலுக்குப் போனால் என்ன செய்வது என்றுகூட நினைத்தேன்.

"அதெல்லாம் சரி," என்றார் அப்பா. "செருப்பை நான் அப்படி விடல."

"அவரு விடலடி," என்றாள் அம்மா.

காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அவரு எப்பவும் நேராத்தான் விடுவாரு. நாந்தான் கவுத்து வைப்பேன். பேப்பரை மடிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும். குப்பைக்கூடையை வெளிய வைக்கற மாதிரி வந்து, கால்ல தட்டிக் கவுத்துட்டு உள்ள போயிடுவேன். நீ வந்து பார்ப்பே. உன் ஷூ சத்தம் மேல ஏறுதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், அது பாட்டுக்கு அது நடந்துக்கிட்டிருக்கும், நான் அதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஏறிடுச்சுன்னா சரி." அப்பாவைப் பார்க்காமல், கொடியில் துணி உலர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "ஒரே ஒருநாள்தான் ஏறல. நிமித்தி வெச்சிட்டு உள்ள வந்து நின்னே. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்."

ஏழாம் வகுப்பிலிருந்து நான் சுமந்து திரிந்த அந்த முகம் என் முன்னால் நின்றது, இப்போது வயதாகி, கையில் டம்ளரோடு. எனக்கு அம்மாவின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போனை எடுத்து ஷெரினைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும், என்ன சொல்லி நிறுத்தச் சொல்வேன், அந்தச் செருப்பு பேசியது என் அப்பாவுடைய பேச்சு இல்லை என்றா? அம்மா நடந்து வந்தாள். எதையோ கண்டுபிடித்துவிட்டாள், என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுல என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கே?"

பொய் சொல்லலாம். ஆறு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலன்னு சொல்லியிருக்கேம்மா."

அம்மா டம்ளரை அப்பாவின் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். நான் அவள் முகத்தில் தேடிய வருத்தம் அதில் இல்லை.

"அப்படி இருந்தாத்தான்டி நடக்கும்," என்றாள். "உன்கிட்ட சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். அவருக்குத் தெரிஞ்சிருந்தா மறுநாள்லருந்து செருப்பை உள்ள கழட்டி வெச்சிருப்பாரு."

அப்பா அதை இல்லை என்று சொல்லவில்லை.